ஆசானருகே ஓர் இருக்கை: பல்கலைக்கழகப் பணிக்கு மாணவரைப் பழக்குதல்

எமது கல்லூரியின் விழாமலருக்குக் கட்டுரையொன்று எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதலாம் என்றே முதற்கண் எண்ணினேன். தமிழாசிரியனுக்கு அதுவே இயல்பு. எனினும் சில திங்களுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட வினா என் நெஞ்சை விட்டகலாதிருந்தமையால் அதனையே பொருளாகக் கொண்டேன்.

“சேர், பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளரை விட வேறு யார் யார் வேலை செய்கிறார்கள்? அந்த வேலைக்கு எப்படிப் போவது?” என்று அவன் வினவினான். பதிவாளர், நூலகர் எனச் சில பெயர்களைச் சொன்னேன். “அவர்கள் அங்கே என்ன செய்வார்கள்?” என்று மீண்டும் வினவினான். அதற்கு யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. அவன் வீட்டில் அவனுக்கு முன் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவர் எவருமிலர். ஆதலால் அவன் தந்தையிடமும் கேட்டறிய இயலாது. ஆசிரியனாகிய யானும் அறிந்திலேன். அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரையாகும்.

பொருளின் எல்லை

பட்டப்படிப்பிலே இருக்கும் மாணவன் ஒருவன், பொதுப் பணத்தில் நடைபெறும் உயர்கல்வி நிறுவனங்களிலேயே தன் வாழ்க்கைப் பணியைத் தேட விரும்புவானாயின், அவனை அப்பணியில் மூத்த ஒருவரோடு சேர்த்து, சில வாரங்கள் அருகிருந்து பார்க்கவும், கைதொட்டுச் செய்யவும், செய்ததைப் பற்றிச் சிந்திக்கவும் விடுதலே யாம் ஈண்டு ஆராயும் பொருள். இதனை இக்காலத்தார் உள்ளகப் பயிற்சி என்பர். வழிகாட்டும் ஆசான் ஒருவர் உடனிருத்தலே இதனை வெறும் வேலைப் பழக்கத்தினின்றும் வேறுபடுத்துவது.

பல்கலைக்கழகம் என்றவுடன் விரிவுரை மண்டபமே எம் மனக்கண் முன் வருகின்றது. ஆயின் அம்மண்டபத்தின் கதவு உரிய நேரத்தில் திறக்கப்படுவதற்குப் பின்னே எத்தனையோ கைகள் உள. எமது நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள் சட்டம் துணைவேந்தர், பீடாதிபதி ஆகியோரோடு பதிவாளர், நூலகர், நிதியாளர் ஆகியோரையும் பல்கலைக்கழகத்தின் அலுவலராகவே எண்ணுகின்றது. இவர்களின் கீழே அனுமதிப் பகுதியினர், பரீட்சைப் பகுதியினர், விடுதிப் பொறுப்பாளர், மாணவர் ஆலோசகர், ஆய்வுகூடச் செய்துகாட்டுநர், உடற்கல்விப் போதனாசிரியர் எனப் பலர் உளர். வறிய மாணவனுக்கு மகாபொல உதவிப்பணம் பிந்தாது கிடைப்பதும், பகிடிவதைக்கு அஞ்சி வீடு திரும்ப எண்ணும் பிள்ளை மனந்தேறி வகுப்பிற்குச் செல்வதும் பெரும்பாலும் இத்தகையோரின் அக்கறையைப் பொறுத்தனவே. இப்பணிகளுக்கு வேண்டிய அறிவும் பண்பும் எங்கே கற்பிக்கப்படுகின்றன என்பதே எம்முன் உள்ள வினா.

சட்டாம்பிள்ளை சென்ற தூரம்

கற்றுக்கொண்டிருப்பவனையே கற்பிக்கும் பணியிற் பழக்குதல் புதிய கொள்கையன்று. எமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோருக்கு எழுத்தறிவித்தான். இம்முறை கடல் கடந்து சென்ற வரலாறு பலரும் அறியத்தக்கது.

அந்திரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டிலே சென்னையில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியொன்றின் மேற்பார்வையாளராய் அமர்ந்தார். அந்நாட்டுப் பள்ளியொன்றிலே சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்துமாறு உதவியாசிரியர்களைக் கேட்டார், அவர்கள் இசைந்திலர். பெல் சோர்ந்திலர். எட்டு வயது மாணவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதனைச் செய்துகாட்டினான். பெல் இங்கிலாந்து திரும்பி 1797இல் வெளியிட்ட நூலின் வழியே அம்முறை ‘சென்னைமுறை’ என்ற பெயரோடு பல நாடுகளிலும் பரவியது.

ஆயினும் அம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. தான் அரைகுறையாய் அறிந்ததையே மாணவன் பிறனுக்கு ஓதினான். அவனைத் திருத்துவதற்கு நேரம் ஒதுக்கிய ஆசான் இல்லை. இக்குறையை நீக்க முயன்றவர் கே சட்டில்வேர்த்து என்னும் ஆங்கிலக் கல்வி அலுவலர். ஒல்லாந்து நாட்டில் மாணவ ஆசிரியர்கள் பழக்கப்படும் முறையைக் கண்டு, 1846ஆம் ஆண்டிலே அரசினர் செலவில் இங்கிலாந்தில் அதனை அமைத்தார். அதன் விதிகள் இன்றும் படிக்கத்தக்கன. பதின்மூன்று வயது நிரம்பிய பிள்ளை ஐந்தாண்டுகளுக்குத் தலைமையாசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். முதலாண்டில் 10 பவுணும் ஆண்டுதோறும் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 20 பவுணும் அதற்கு ஊதியம். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் அப்பிள்ளைக்குத் தனியே பாடஞ் சொல்லல் வேண்டும். அதன் பொருட்டு அவருக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 5 பவுண் வழங்கப்படும். ஆண்டுதோறும் பரிசோதகர் வந்து பிள்ளையைச் சோதிப்பார். ஐந்தாண்டின் முடிவில் தேர்ச்சி பெற்றோர் உதவிப்பணம் பெற்று ஆசிரிய கலாசாலை புகலாம்.

இங்கே நோக்கற்பாலன மூன்று. பயில்வோனுக்கு ஊதியம் உண்டு. வழிகாட்டும் ஆசானின் நேரத்திற்கும் விலை உண்டு. இருவரும் தம் கடமையைச் செய்தனரா எனப் பார்ப்பதற்கு மூன்றாமவர் ஒருவர் உண்டு. 1862ஆம் ஆண்டில் அரசினர் செலவைச் சுருக்க விரும்பி, இவ்வூதியங்களை நேரே வழங்குவதை நிறுத்தினர். உடனே மாணவ ஆசிரியரின் தொகை பெரிதும் குறைந்தது. ஆசானின் நேரம் இலவசமாய்க் கிடைக்கும் என்று எண்ணிய திட்டத்திற்கு நேர்ந்த கதி அது.

அமெரிக்க நாட்டார் கண்ட வழி

அதே 1862ஆம் ஆண்டில் அத்திலாந்திக்குப் பெருங்கடலின் மறுகரையில் வேறொரு செயல் நிகழ்ந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே ஆபிரகாம் இலிங்கன் மொறில் சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின்படி கூட்டாட்சி அரசின் நிலங்கள் மாகாணங்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றை விற்றுப் பெற்ற நிதியைக் கொண்டு, உழவுக் கலையும் கைத்தொழிற் கலையும் பயிற்றும் கல்லூரிகள் பொதுமக்களின் பிள்ளைகளுக்காக எழுந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகளே கற்ற காலத்தில் வேண்டப்படாத பணிகள் பல அப்போது வேண்டப்பட்டன. எங்கே தங்குவது, எப்பாடத்தைத் தெரிவது, பணம் குறைந்தால் யாரிடம் செல்வது என்று அறியாத பிள்ளைகள் வந்தபோது அவர்களைக் கவனிப்பதற்கெனத் தனி அலுவலர் அமர்த்தப்பட்டனர். 1919இல் அவர்களுட் சிலர் விசுக்கொன்சின் மாகாணத்திற் கூடினர். அக்கூட்டத்தினின்றே நாஸ்பா எனப்படும் மாணவர் நலப் பணியாளர் சங்கம் வளர்ந்தது. 1937இல் அமெரிக்கக் கல்விக் கழகம் வெளியிட்ட அறிக்கையொன்று, மாணவனை அறிவு ஊற்றப்படும் கலமாகக் கருதாது, உடல், மனம், பழக்கம், தொழில் நாட்டம் அனைத்தும் உடைய முழு மனிதனாகக் கருதல் வேண்டும் என வற்புறுத்தியது.

எனினும் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது. மாணவருட் பல இனத்தவரும் வறியோரும் பெருகினர். அவர்களை நடத்தும் ஆசிரியரும் அலுவலரும் அவ்விகிதத்திற் பெருகவில்லை. தம்மைப் போன்ற ஒருவரை அப்பதவியிற் காணாத பிள்ளைக்கு அப்பதவி தனக்கும் உரியது என்ற எண்ணமே தோன்றுவதில்லை. இதனைப் போக்கும் பொருட்டு 1988இல் மெல்லன் அறநிதியம் ஒரு திட்டம் வகுத்தது. பட்டப்படிப்பின் இடையிலேயே மாணவர் சிலரைத் தெரிந்து, ஒவ்வொருவரையும் பேராசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்து, உதவிப்பணம் தந்து ஆராய்ச்சியிற் பழக்கினர். 2003ஆம் ஆண்டு முதல் அத்திட்டம் பெஞ்சமின் மேய்ஸ் என்பவரின் பெயரையும் தாங்கி வருகின்றது. இவர் கறுப்பின மக்களின் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 1940 முதல் 1967 வரை அதிபராயிருந்த பெருமகன்.

விரிவுரையாளராவோர்க்கு இவ்வாறு வழி பிறந்தது. ஏனைய பணிகளுக்கு நாஸ்பா சங்கத்தார் 1989இல் வழிசெய்தனர். மாணவர் நலப் பணியில் நாட்டமுள்ள பட்டப்படிப்பு மாணவன் தன் பல்கலைக்கழகத்திலேயே அப்பணியில் உள்ள ஒருவரைத் துணையாகப் பெறுகின்றான். அவரோடு கூட்டங்களுக்குச் செல்கின்றான். அவர் செய்யும் முடிவுகளின் காரணங்களைக் கேட்கின்றான். கோடை விடுமுறையில் வேறொரு பல்கலைக்கழகத்திலே ஊதியத்தோடு கூடிய பயிற்சிக்கு விண்ணப்பிக்கவும் வாய்ப்புண்டு. தன் நிறுவனத்தை மட்டும் அறிந்தவன் அதன் வழக்கத்தையே விதியென மயங்குவான். பிறிதொன்றையும் கண்டவன் இரண்டையும் ஒப்புநோக்குவான். ஆதலின் அவ்வேற்பாடு பெரிதும் போற்றத்தக்கது.

நன்னூல் காட்டும் அளவுகோல்

இனி, இத்தகைய பயிற்சி நன்றோ தீதோ என அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைப் பிறநாட்டில் தேடவேண்டியதில்லை. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே நூல், ஆசிரியர், மாணாக்கர், கற்பிக்கும் முறை, கற்கும் முறை என்பவற்றை வகுத்துரைத்துள்ளார். எழுத்தும் சொல்லும் பற்றிய நூலின் வாயிலில் அவர் கல்வியியலையே நிறுத்தி வைத்தார்.

ஆசிரியர் உரைப்பதை மாணவன் எத்துணைக் கருத்தோடு கொள்ளினும் புலமையில் நாலில் ஒரு பங்கையே பெறுவான் என்பது அவர் கருத்து. உடன்பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு பங்கு வரும். எஞ்சிய இரு பங்கும் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். இதனை உள்ளகப் பயிற்சிக்குப் பொருத்திப் பார்ப்போம். எட்டு வாரப் பயிற்சியாயின், முதலிரு வாரம் ஆசானருகே இருந்து காண்டற்குரியன. அடுத்த இரு வாரம் அலுவலகத்தின் எழுதுவினைஞரோடும் உடன்பயிலும் மாணவரோடும் சேர்ந்து வினையாற்றற்குரியன. எஞ்சிய நான்கு வாரமும் தான் கற்றதைப் பிறர்க்குப் பயன்படச் செய்தற்கும் எடுத்துரைத்தற்கும் உரியன. பெரும்பாலான பயிற்சிகள் இதற்கு மாறாய் அமைகின்றன. எட்டு வாரமும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இறுதியில் சான்றிதழ் பெற்றுச் செல்கின்றனர். அவர்கள் பெற்றது கால் பங்கே.

ஆசிரியராதற்குத் தகாதாரையும் பவணந்தியார் நான்கு உவமைகளாற் காட்டினார். வழிகாட்டிகளாய் அமையும் யாம் ஒவ்வொருவரும் எம்மையே சோதித்துக்கொள்ள அவை உதவும்.

முதலாவது கழற்குடம். கழற்சிக்காய் நிரம்பிய குடத்தைக் கவிழ்த்தால், முன் இட்டது பின்னும் பின் இட்டது முன்னுமாய்க் காய்கள் ஒருங்கே கொட்டுண்ணும். பயில வந்த பிள்ளையின் முன் முதல் நாளிலேயே சுற்றறிக்கைகளையும் பிரமாணங்களையும் குவித்து, “எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வாரும்” என்பவர் இவர்.

இரண்டாவது மடற்பனை. எமது நாட்டார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கருக்குமட்டை சூழ்ந்த பனையிலே ஏற இயலாது. பழம் தானே விழுந்தாற்றான் உண்டு. அணுகுவோரைக் கீறி, தம் மனம் நெகிழ்ந்தபோது மட்டும் ஒரு சொல் உதிர்ப்பவர் இவர்.

மூன்றாவது பருத்திக் குண்டிகை. குறுகிய வாயினையுடைய கலத்தில் பஞ்சைச் சிறிது சிறிதாகவே அடைத்தல் கூடும்; சிறிது சிறிதாகவே எடுத்தலும் கூடும். தாம் கற்றதும் அரிது, பிறர்க்குக் கொடுப்பதும் அரிது என்னும்படி இருப்பவர் இவர். கோவையொன்றைக் கேட்டால் ஒரு தாளைத் தருவார்.

நான்காவது முடத்தெங்கு. ஒருவன் தன் வளவில் நீர் வார்த்து வளர்த்த தென்னை, வேலிக்கு வெளியே வளைந்து அயலான் வளவிலே காய் சொரியும். மேடைகளிலும் பிறநாட்டு மாநாடுகளிலும் இளையோரைப் பழக்குதல் பற்றி இனிது பேசிவிட்டுத் தம் அறை வாயிலில் நிற்கும் மாணவனை நாளை வருமாறு அனுப்புபவர் இவர்.

இந்நால்வரிடத்தும் அறிவு இல்லாமலில்லை. குடத்தில் காய் உண்டு. பனையிற் பழம் உண்டு. குண்டிகையிற் பஞ்சு உண்டு. தெங்கிற் காய் உண்டு. கொடுக்கும் முறையிலேயே குற்றம். கற்றவரெல்லாம் வழிகாட்டியாவர் என்று எண்ணித் திட்டம் வகுப்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

கையொப்பமும் குறிப்பேடும்

யான் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்து நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். கற்பித்தற் பயிற்சிக்காக இரு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டேன். முதற் பாடசாலையில் எனக்கு வழிகாட்டியாய் அமைந்தவர் நல்லவர், அன்பாகப் பேசுவார். நாள்தோறும் என் பாடக்குறிப்பேட்டை நீட்டுவேன். திறந்து பாராமலே கையொப்பமிடுவார். ஆறு வாரம் கழிந்தது. அனைத்துப் பக்கத்திலும் கையொப்பம் இருந்தது. என் கற்பித்தலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் ஒரே குறிப்பை இருமுறை எழுதி நீட்டினேன். அதற்கும் கையொப்பம் கிடைத்தது. அன்று யான் மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

இரண்டாம் பாடசாலையில் அமைந்தவர் அதிகம் பேசார். எட்டாம் வகுப்பிலே யான் வேற்றுமை கற்பித்தபோது பின்வாங்கில் அமர்ந்து சிறு குறிப்பேடொன்றில் ஏதோ கோடிட்டுக்கொண்டிருந்தார். பாடம் முடிந்ததும் மரநிழலுக்கு அழைத்துச் சென்று, “தம்பி, நீர் பன்னிரண்டு கேள்வி கேட்டீர். பத்துக்கு முன்வாங்குப் பிள்ளைகள்தான் விடை சொன்னார்கள். யன்னலோரத்துப் பிள்ளை ஒருமுறை கையை உயர்த்தினான், நீர் காணவில்லை” என்றார். வேறொன்றும் கூறவில்லை. மறுநாளும் வந்தமர்ந்தார். யான் யன்னலோரத்தை நோக்கினேன்.

இருபது ஆண்டுகள் சென்றன. இன்றும் வகுப்பில் நுழையும்போது யன்னலோரத்தை நோக்கியே பாடந் தொடங்குகின்றேன். முதலாமவர் தந்த கையொப்பங்கள் பழந்தாளோடு போயின. அவரையும் குறைகூற மனம் வரவில்லை. முப்பது பாடவேளை கற்பித்துக் களைத்தவரிடம், நேரமும் தராது ஊதியமும் தராது, ஒருவனைப் பழக்கும் பொறுப்பையும் ஏற்றினர். 1846ஆம் ஆண்டு விதிகளை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தவர் அவரே.

எம் நாட்டு நிலை

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியபோது, அரசியலமைப்புச் சட்ட அறிஞராகிய ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதற் துணைவேந்தரானார். எம் முன்னோர் அதனைச் சர்வகலாசாலை என்றழைத்தனர். 1945இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தமையால் கிராமத்துப் பிள்ளைக்கும் அதன் வாயில் திறந்தது. 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டு, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமும் அந்நிலையை எய்தின.

இவ்வரலாற்றிலே தமிழ் கற்பிக்கச் சென்றோர் நிருவாகப் பொறுப்பினையும் ஏற்ற சான்றுகள் உள. இலக்கியத் திறனாய்வாளராய் விளங்கிய பேராசிரியர் கைலாசபதி யாழ்ப்பாண வளாகத்தின் முதற் தலைவரானார். நாட்டுக்கூத்தைப் பேராதனை மேடையில் ஏற்றிப் புகழ்பெற்ற பேராசிரியர் வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தரானார். வகுப்பறையினின்றும் நிருவாக மேசைக்குச் செல்லும் வழி எம்மவர்க்கு அடைபட்டதன்று. அவ்வழியை முன்கூட்டியே காட்டுவோர் குறைவு என்பதே எம் கவலை.

தற்போது சிறப்புச் சித்தி பெற்றோர் சிலர் தற்காலிக உதவி விரிவுரையாளராயும் செய்துகாட்டுநராயும் அமர்கின்றனர்; பின்னர்த் தகுதிகாண் விரிவுரையாளராகின்றனர். இது நல்ல வழியே. ஆயின் அது பட்டம் பெற்ற பின் வருவது. வகுப்பில் முதன்மை பெற்றோர்க்கே வருவது. பதிவாளர் பகுதியிலோ நூலகத்திலோ மாணவர் ஆலோசனையிலோ திறமையாற்றக்கூடிய மாணவன் முதல்வகுப்புப் பெற்றவனாயிருத்தல் வேண்டும் என்பதில்லை. அவனுடைய பொறுமையையும் நேர்மையையும் பரீட்சைத் தாள் காட்டாது. அருகிருந்து பார்த்தவரே அறிவர்.

காலமும் இதனை வேண்டுகின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் பல்கலைக்கழக ஆசிரியர் பலர் நாட்டை விட்டகன்றனர். வெற்றிடங்களை விளம்பரத்தால் நிரப்பலாம். சென்றவரோடு சென்ற அனுபவத்தை விளம்பரத்தால் மீட்டல் இயலாது. இருப்போர் இருக்கும்போதே இளையோரை அருகில் இருத்துதல் வேண்டும்.

எட்டு வாரப் பாடத்திட்டம்

ஒரு மாதிரித் திட்டத்தை ஈண்டு வரைகின்றேன். அறிந்தோர் திருத்துவாராக.

முதலிரு வாரம்: புதிதாய்ச் சேர்ந்த மாணவனுக்குரிய கோவை ஒன்று எவ்வெம் மேசைகளைக் கடந்து செல்கின்றது என்பதைப் பயில்வோன் பின்தொடர்ந்து கண்டு, வரைபடமாக எழுதல் வேண்டும். எங்கே தேங்குகின்றது, ஏன் தேங்குகின்றது என்பதையும் குறித்தல் வேண்டும். எம்மேசையும் தனியே நிற்பதன்று என்பதை இது உணர்த்தும்.

அடுத்த இரு வாரம்: கூட்டமொன்றின் அறிக்கையை, அதற்குரிய அலுவலரோடு சேர்ந்து எழுதிப் பழகுதல் வேண்டும். பேசியவற்றுள் எது முடிபு, எது கருத்து, எது வெறும் பேச்சு எனப் பிரித்தறிதல் ஒரு கலை. கடிதத்திற்கு விடையெழுதுதலும் அவ்வாறே. தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: தெளிவாக எழுதத் தெரியாத அலுவலனால் அலைக்கழியும் ஏழை மாணவர் பலர்.

எஞ்சிய நான்கு வாரம்: புதுமுக மாணவர் சிலருக்கு அவனே வழிகாட்டியாதல் வேண்டும். உதவிப்பண விண்ணப்பத்தை நிரப்புதல், நூலகத்தைப் பயன்படுத்தல், விடுதி வசதியைக் கேட்டறிதல் என்பவற்றை அவர்களுக்கு விளக்குவான். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டிக்கப்படுங் குற்றம் என்பதையும், யாரிடம் முறையிடலாம் என்பதையும் எடுத்துரைப்பான். இறுதி வாரத்தில், அடுத்துப் பயில வரும் மாணவனுக்கென நாலைந்து பக்கக் கைந்நூல் ஒன்றை எழுதிவைப்பான். நன்னூலார் கூறிய இரு பங்கும் இதிலே நிரம்பும்.

இத்திட்டத்திற்கு வேலியாக நான்கு விதிகள் வேண்டும். ஓர் ஆசானிடம் இருவருக்கு மேல் ஒப்படைத்தல் ஆகாது. வாரத்தில் ஒரு மணி நேரமேனும் கதவைச் சாத்தி இருவரும் அமர்ந்து பேசல் வேண்டும். பரீட்சைப் புள்ளியும், பிறர் மருத்துவக் குறிப்பும் போன்ற அந்தரங்கத் தாள்கள் பயில்வோன் கைக்குச் செல்லலாகாது. காத்தற்குரியதைக் காத்தலும் ஒரு பாடமே. பேருந்துச் செலவும் மதிய உணவுமாவது அவனுக்குக் கிடைத்தல் வேண்டும். அன்றேல் செல்வர் பிள்ளைகளே வருவர், வேண்டியவர் வாரார். தேநீர் வாங்கிவரவும் படியெடுக்கவும் மட்டும் அவனைப் பயன்படுத்தினால் அது பயிற்சியன்று, கூலியில்லா வேலையாகும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

இதுகாறும் கூறியவற்றிற்கு அரசினர் ஆணையும் பெருநிதியும் வரும்வரை காத்திருத்தல் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். நாவலர் பெருமான் தாம் கற்ற பள்ளியிலே, பேர்சிவல் பாதிரியாரின் கீழ் இளமையிலேயே ஆசிரியராய் அமர்ந்து பள்ளி நடைபெறும் முறையை உள்ளிருந்தே கண்டார். 1848இல் வண்ணார்பண்ணையிலே தம் வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவருக்கு அப்பழக்கம் துணைநின்றிருக்கும் அன்றோ?

எமது கல்லூரியின் பழைய மாணவருள் விரிவுரையாளர் உளர், பதிவாளர் பகுதியினர் உளர், நூலகர் உளர், ஆய்வுகூடத்தினர் உளர், ஓய்வுபெற்றோரும் உளர். ஆண்டுதோறும் இக்கல்லூரியினின்று பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைச் சங்கம் வைத்திருக்கின்றது. இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே திட்டத்தின் பாதி முடிந்தது. உங்கள் பல்கலைக்கழகத்து விதிகளுக்கு அமைய, மேலாளரின் இசைவு பெற்று, விடுமுறையில் ஒரு பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள். பரிசில்களும் கட்டடங்களும் தந்துள்ளீர்கள். அவற்றிற்கு இக்கல்லூரி என்றும் கடமைப்பட்டது. இப்போது கேட்பது உங்கள் மேசையருகே இன்னுமொரு கதிரை மட்டுமே.

என் மாணவன் கேட்ட வினாவுக்கு யான் முழு விடை கூறவில்லை என்பதை அறிவேன். பதிவாளர் என்ன செய்வார், நிதியாளர் என்ன செய்வார் என்று எழுத்தால் விளக்கலாம். அது கால் பங்கே ஆகும். எஞ்சிய முக்கால் பங்கும் அப்பணியில் இருக்கும் உங்களிடமே உள்ளது. அவன் இவ்வாண்டு பரீட்சை எழுதுகின்றான். சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுவானாயின், உங்களுள் ஒருவரது கதவைத் தட்டுமாறு அவனிடம் கூறவிருக்கின்றேன். அன்புகூர்ந்து திறவுங்கள்.

கல்லூரி நீடு வாழ்க.